மேலே ஓடும் கோடு
அத்தியாயம் 14

காலை ஏழு மணிக்கே பாண்டிசெல்வி வாசலில் வந்து நின்றுவிட்டாள்.

போன வாரம் எங்கே விட்டோம் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் மார்க்கெட் திருப்பத்தில் காலேஜ் பஸ் இடப்பக்கம் ஒடித்தபோது கருத்தம்மாளின் கொய்யாப்பழத் தள்ளுவண்டியை இடித்துச் சாய்த்தது. கருத்தம்மாளுக்குக் கை முறிந்து கட்டுப் போட்டிருக்கிறார்கள். பஸ்ஸை ஓட்டியவர் ஏசுவடியான், இருபத்திரண்டு வருஷமாக ஒரு கீறல் விழாமல் ஓட்டிய மனிதர். "கிளீனர் விசில் குடுக்கல" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னார். அந்த ஒரு வார்த்தையில் கிளீனர் சந்தனத்தை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். திங்கட்கிழமை பத்து மணிக்கு விசாரணை.

விசில் அடித்தேன் என்கிறான் சந்தனம். கேட்கவில்லை என்கிறார் ஏசுவடியான். யார் பேச்சு எடுபடும் என்று சொல்லவா வேண்டும்?

பாண்டிசெல்வி சந்தனத்தின் மனைவி. அழுது வடிகிறவள் இல்லை. அன்றைக்கும் கண்ணில் தண்ணீர் இல்லாமல்தான் நின்றாள். அதுதான் ஏசுவடியானின் மகள் ஹெப்சிபாவை என்னவோ செய்தது.

"அண்ணாச்சி இருக்காகளா ஹெப்சி?"

"அப்பா குளிச்சிட்டு இருக்காவக்கா."

பொய். அப்பா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். பாண்டிசெல்விக்கும் அது தெரிந்துதான் இருக்க வேண்டும், குரலைச் சற்று உயர்த்தியே பேசினாள்.

"நான் சண்டைக்கு வரல. விசில் கேட்டுச்சா இல்லையான்னு அவிய மனசறிஞ்சு ஒரு வார்த்தை சொல்லட்டும். கேக்கலைன்னா கேக்கலைன்னே சொல்லட்டும், நான் போயிருதேன். வீட்டுல அந்த மனுசன் சாப்பாட்டைத் தொட மாட்டேங்காரு. நான் அடிச்சேனா அடிக்கலையான்னு எனக்கே சந்தேகமா இருக்குடின்னு சொல்லுதாரு."

"நான் கேக்கேன்க்கா. இன்னைக்கே கேட்டுட்டு உங்ககிட்ட பேசுதேன்."

"நீ பேசலைன்னாலும் நான் பேசுவேன்" என்று சொல்லிவிட்டுப் பாண்டிசெல்வி நடந்தாள்.

ஏசுவடியான் வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். காபி டம்ளரை மனைவி ஏசம்மாள் அவருடைய இடது கைப்பக்கம் வைத்துவிட்டுப் போனாள். அவர் பேப்பரை எடுக்கக் கையை நீட்டினார், டம்ளர் உருண்டது.

"இந்த வாரத்துல இது மூணாவது" என்று ஏசம்மாள் கரித்துணியோடு ஓடிவந்தாள். "கண்ணைப் பொடதியிலயா வச்சிருக்கிய?"

"நீ எதுக்குட்டி கைபடுத இடத்துல வைக்கே?"

முப்பது வருஷமாக அதே இடத்தில்தான் வைக்கிறாள். அதைச் சொல்ல வாயெடுத்த ஏசம்மாள், என்ன நினைத்தாளோ, பேசாமல் தரையைத் துடைத்தாள்.

அப்போது ஹெப்சிபாவின் போன் அடித்தது.

ராஜபாளையத்தில் மில் வைத்திருக்கிற நவநீதகிருஷ்ணன் வீட்டுக்கு வியாழக்கிழமைதான் அவள் ஹோம் தியேட்டர் போட்டுக் கொடுத்திருந்தாள். ஒரு சுவர் முழுக்கத் திரை, அதற்கொரு புரொஜெக்டர், படம் ஓட்ட ஒரு கம்ப்யூட்டர். காலேஜில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு ஹெப்சிபாவும் தோழி ஜெபாவும் இரண்டு வருஷமாகச் செய்கிற தொழில் இது. பேசியது வீட்டுக்காரம்மா இந்து, வீட்டில் தெலுங்கு பேசுகிறவள்.

"அம்மாயி, படம் கிழியுதும்மா! மாப்பிள்ளை தலை ஒரு பக்கம் போகுது, கழுத்து ஒரு பக்கம் போகுது. சாயங்காலம் சம்பந்தி வீட்டுக்காரங்க நிச்சயதார்த்த வீடியோ பாக்க வாராங்க. அவங்க வீட்டுப் பையனையே இப்படி வெட்டிக் காட்டுனா நல்லாவா இருக்கும்?"

"உடனே வாரேன்மா."

ஜெபா ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஹாலில் ஒரு ஒயர்கூடத் தெரியக்கூடாது என்று இந்தும்மா கண்டிப்பாகச் சொன்னதால், கம்ப்யூட்டர் சமையலறையை ஒட்டிய ஸ்டோர் ரூமில் இருந்தது. ஒருத்தர் உள்ளே செட்டிங்கை மாற்ற வேண்டும், இன்னொருத்தர் ஹாலில் உட்கார்ந்து திரையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். மொட்டை மாடியில் ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டு "இப்ப?" என்று கத்துவார்களே, அதே கதைதான்.

"அப்பா, இன்னைக்கு லீவுதானே, கூட வாங்களேன். சும்மா உக்காந்து பாத்துச் சொன்னாப் போதும்."

வழியில் சந்தனத்தைப் பற்றிக் கேட்டுவிடலாம் என்பதும் அவள் கணக்கு. ஏசுவடியானுக்கும் வீட்டை விட்டுக் கிளம்பினால் போதும் என்றிருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு பைக் சாவியை எடுத்தார்.

அந்தப் பைக்கை அவர் வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டார். ஹெப்சிபாவுக்கு நன்றாக ஓட்டத் தெரியும், லைசென்ஸும் இருக்கிறது. ஆனாலும் அப்பா இருக்கும்போது பின் சீட்டுத்தான்.

வழியில் அவள் கேட்கவில்லை. கேட்க வாயெடுத்தபோதெல்லாம் லாரியோ பஸ்ஸோ குறுக்கே வந்தது. அது ஒரு சாக்குத்தான், பயந்தாள் என்பதுதான் உண்மை. ஊருக்குள் நுழைகிற இடத்தில் இடப்பக்கச் சந்திலிருந்து ஒரு சைக்கிள் வந்தது.

"அப்பா, சைக்கிள்!"

பிரேக்கை அழுத்தினார். சைக்கிள்காரர் திட்டிக்கொண்டே போனார்.

"எங்கிருந்துடே வாரானுவ! வானத்துலருந்து குதிச்ச மாதிரி!" என்றார் ஏசுவடியான்.

ஹெப்சிபாவுக்கு அந்தச் சைக்கிள் சந்துக்குள்ளேயே தெரிந்திருந்தது. திங்கட்கிழமையை நினைத்துக்கொண்டு ஓட்டுகிறார், பாவம் என்று நினைத்துக்கொண்டாள்.

நவநீதகிருஷ்ணன் வீட்டு ஹால் வாசலில் வெள்ளை வெளேரென்று ஒரு நாய் படுத்திருந்தது. ஊர்ப் பெயரைச் சொல்லி விற்கிற அதே ஜாதி நாய்தான். இந்தும்மா அதைத் தெலுங்கில் அதட்டி நகர்த்திவிட்டு வீடியோவைப் போட்டுக் காட்டினாள்.

கிழியத்தான் செய்தது. மாப்பிள்ளை நின்றால் ஒன்றுமில்லை. நடந்தாலோ திரும்பினாலோ, திரையின் மேல் பக்கத்தில் கால்வாசி இறக்கத்தில் ஒரு கோடு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஓடியது. கோட்டுக்கு மேலே பழைய படம், கீழே புதுப் படம். இரண்டும் ஒட்டவில்லை.

புரொஜெக்டர் நொடிக்கு இத்தனை தடவை என்று ஒரு கணக்கில் படத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். கம்ப்யூட்டர் அந்தக் கணக்குக்குக் காத்திருக்காமல் பாதியில் அடுத்த படத்தைத் தள்ளிவிட்டால் இப்படித்தான் ஆகும். ஹெப்சிபாவுக்குத் தைரியம் வந்தது. காத்திருக்கச் சொல்லும் செட்டிங் ஒன்று இருக்கிறது, அதைப் போட்டால் தீர்ந்தது.

அப்பாவை முன்வரிசைச் சோபாவில் உட்கார வைத்தாள். "ஒரு கோடு ஓடும்பா. அது இருக்கா போயிருச்சான்னு மட்டும் சொல்லுங்க."

ஸ்டோர் ரூமுக்குப் போனாள். சமையலறையில் இருந்த சின்ன டிவியிலும் அதே வீடியோ ஓடுவது அங்கிருந்து தெரிந்தது. சமைத்துக்கொண்டே பார்க்க வேண்டும் என்று இந்தும்மா கேட்டதால் போட்டுக்கொடுத்த இணைப்பு அது. அதில் படம் பளிச்சென்று இருந்தது. செட்டிங்கை மாற்றினாள்.

"இப்ப எப்படிப்பா?"

"போயிருச்சு!"

அட, ஐந்தே நிமிஷம். கையைத் தட்டிக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். கோடு ஜோராக ஓடிக்கொண்டிருந்தது.

"என்னப்பா, இருக்கே?"

ஏசுவடியான் திடுக்கிட்டார். "இப்பத்தான் வந்திருக்கும். செத்த முந்தி இல்ல."

அப்படியும் நடக்கும். மறுபடி உள்ளே போனாள். புரொஜெக்டருக்குப் போகும் கேபிளைக் கழற்றிப் புதுசைப் போட்டாள்.

"இப்ப?"

"சுத்தமா இல்லட்டி!"

இந்தத் தடவை அவளுக்கு முன்னால் இந்தும்மா ஹாலுக்கு வந்துவிட்டாள்.

"அய்யய்யோ, அப்படியேதான் இருக்கு! அண்ணாச்சி, அங்க பாருங்க, மேல! இவ்வளவு பெருசா ஓடுது, உங்களுக்குத் தெரியலியா?"

ஏசுவடியான் தலையை அண்ணாந்தார். "ஆமா... இருக்கு. இருக்கும்மா" என்றார். கழுத்தில் வியர்த்திருந்தது.

ஹெப்சிபாவுக்குக் கோபம் சுர்ரென்று வந்தது. ஒரு வேலை, உட்கார்ந்து பார்க்கிற வேலை, அதைக்கூட ஒழுங்காகச் செய்யாமல் வாய்க்கு வந்ததைச் சொன்னால்? தூங்கிவிட்டாரா? மூன்றாம் தடவை ஸ்டோர் ரூமுக்குப் போகிற மாதிரிப் போய், கதவோரம் நின்று திரையைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்தாள்.

அவர் தூங்கவில்லை. முதுகை நிமிர்த்தி, பஸ்ஸில் உட்கார்வது போலவே உட்கார்ந்திருந்தார். இரண்டு கண்ணும் நன்றாகத் திறந்திருந்தன. திரையின் நடுவில் ஓடிய ஒவ்வொன்றையும் கூர்ந்து பார்த்தார். மேலே கோடு ஓடியது. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"இப்ப இருக்காப்பா?" என்று உள்ளேயிருந்து கேட்பது போலக் கேட்டாள்.

அவர் கொஞ்சம் தயங்கினார். முதல் தடவை "போயிருச்சு" என்றது தப்பாகிவிட்டது, இரண்டாவதும் தப்பாகிவிட்டது. மூன்றாவதற்கு எதைச் சொல்வது என்று அவர் யோசிப்பது அவளுக்கு அப்பட்டமாகத் தெரிந்தது.

"இருக்கு" என்றார்.

பார்த்துச் சொல்லவில்லை. யூகித்துச் சொன்னார்.

உருண்ட டம்ளர், சந்திலிருந்து வந்த சைக்கிள், கருத்தம்மாளின் தள்ளுவண்டி, மூன்றும் ஹெப்சிபாவின் மனசில் வரிசையாக வந்து நின்றன. மூன்றும் இடப்பக்கம்.

வந்த வேலையை முதலில் முடித்தாள். கோளாறு எங்கே என்று இப்போது பிடிபட்டுவிட்டது. சமையலறை டிவி நொடிக்கு ஐம்பது தடவை புதுப்பிக்கும், ஹால் புரொஜெக்டர் அறுபது தடவை. இரண்டுக்கும் ஒரே நேரத்தில் படம் கொடுக்கும் கம்ப்யூட்டர் சின்ன டிவிக்கு மட்டும் ஒத்துப்போய்விட்டு, பெரிய திரையைக் கைவிட்டிருந்தது. அங்கே பளிச்சென்று இருந்ததும் இங்கே கிழிந்ததும் அதனால்தான். புரொஜெக்டரையும் ஐம்பதுக்கு மாற்றினாள். வீடியோ நொடிக்கு இருபத்தைந்து படம், ஒரு படத்துக்கு இரண்டு தடவை, கணக்குச் சரி. மாப்பிள்ளையின் தலை கழுத்தோடு வந்து சேர்ந்தது.

"இப்பத்தான் லட்சணமா இருக்கான்" என்று சிரித்துவிட்டு இந்தும்மா மோர் எடுத்துவரப் போனாள்.

"அப்பா, இன்னும் ஒரே ஒரு டெஸ்ட்."

புதிய திரைகளைச் சோதிக்க அவள் வைத்திருக்கும் வீடியோ அது. கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைப் பட்டை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போகும். நடுவில் சின்னதாக ஒரு சிலுவைக் குறி இருக்கும்.

"அந்தக் குறியையே பாருங்க. கண்ணை அசைக்கக் கூடாது. பட்டை வந்ததும் சொல்லுங்க."

வலப்பக்கமிருந்து பட்டை கிளம்பியது.

"வந்துருச்சு" என்றார் உடனே.

அடுத்து இடப்பக்கம். பட்டை ஓரத்தில் முளைத்தது. நகர்ந்தது. கால்வாசித் திரையைக் கடந்தது. ஏசுவடியான் பேசாமல் குறியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹெப்சிபா மனசுக்குள் இயேசுவே இயேசுவே என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பட்டை குறியை நெருங்கி, இன்னும் ஒரு சாண் இருக்கும்போது அவர் சொன்னார்.

"இந்தா, இப்பத்தான் வருது."

அவள் இன்னொரு தடவை போட்டாள். அதே இடம்.

"டிவி நல்லாருக்காட்டி?" என்று கேட்டார்.

"டிவி நல்லாருக்குப்பா."

அவள் குரல் உடைந்ததை அவர் கேட்டார். கேட்காத மாதிரி எழுந்தார். வாசலுக்கு வரும்போது அந்த நாய் இடப்பக்கம் படுத்திருந்தது. அவ்வளவு பெரிய வெள்ளை நாய். அதன் முன்னங்காலை நன்றாக மிதித்துவிட்டார். நாய் அலறிக்கொண்டு ஓடியது.

இந்தும்மா கொண்டுவந்த மோரைக் குடித்தோம் என்று பேர் பண்ணிவிட்டு இருவரும் வெளியே வந்தார்கள். பைக் பக்கத்தில் நின்று ஹெப்சிபா கையை நீட்டினாள்.

"சாவியைக் குடுங்கப்பா. நான் ஓட்டுதேன்."

சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தாள். போட மாட்டாரா என்று ஏங்கினாள் என்றுகூடச் சொல்லலாம். அவர் சத்தம் போடவில்லை. சட்டைப் பையில் கையை விட்டுச் சாவியை எடுத்து அவள் கையில் வைத்துவிட்டு, பின் சீட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

அவருக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கிறது.

ஊர் தாண்டி ஒரு டீக்கடை முன்னால் புளியமர நிழலில் அவள் வண்டியை நிறுத்தினாள். இடப்பக்கம் மலை நீளமாகக் கிடந்தது. ஏசுவடியான் அதைப் பார்க்க உடம்பையே திருப்பினார்.

"எப்போருந்துப்பா?"

"போன கிறிஸ்துமஸ்லருந்து. இடது கண்ணு மங்கிட்டே வந்து இப்ப ஒண்ணுமில்ல. வலது கண்ணு நேரா நல்லாத் தெரியுது, மேலேயும் இடது ஓரமுந்தான் இல்ல."

"வருசா வருசம் கண்ணு டெஸ்ட் எடுக்காகளே?"

"வலது கண்ணுக்கு எல்லா எழுத்தும் வந்துச்சு. இடதுக்கு, முன்னால நின்னவன் வாசிச்சதைக் கேட்டுவச்சு அப்படியே ஒப்பிச்சிட்டேன்." வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார். "பஸ்ஸை விட்டா நான் யாருட்டி? வீட்டுல உக்காந்து உங்கம்மா முகத்தைப் பாத்துட்டு இருக்கவா?"

"அதுக்காக? அதுல அம்பது பிள்ளைய போகுதுகப்பா!"

டீ ஆறிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து கேட்க வேண்டியதை அவள் இப்போது கேட்டாள்.

"சந்தனண்ணன் விசில் அடிச்சாரா?"

ஏசுவடியான் டீ டம்ளரைத் தள்ளி வைத்தார்.

"ஒத்தை விசில்னா நிறுத்து, ரெட்டை விசில்னா போ. இருவது வருசமா எனக்கும் அவனுக்கும் அதான் பாசை. அன்னைக்கு ஒத்தை விசில்தான் அடிச்சான். எனக்கு நல்லாக் கேட்டுச்சு. லேசாத் திரும்பிக் கண்ணாடியைப் பாத்தேன் ஹெப்சி. அங்க யாருமே இல்ல. பயலுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சான்னு நினைச்சுத்தான் ஒடிச்சேன்."

ஹெப்சிபா வாயைப் பொத்திக்கொண்டாள். சந்தனத்துக்கே தன் மேல் சந்தேகமாக இருக்கிறதாம். காலையில் பாண்டிசெல்வி சொன்னது அப்போதுதான் முழுசாக உறைத்தது.

"நான் ஒண்ணு யோசிச்சு வச்சிருக்கேன்" என்றார் அவர் தணிந்த குரலில். "திங்கக்கிழமை போய், விசில் கேட்டுச்சு, நான்தான் கவனிக்கலைன்னு சொல்லிருதேன். ஒரு தடவைக்கு என்னை மன்னிச்சிருவாக. சந்தனத்தைத் திருப்பி எடுத்துருவாக. பொறவு இடது பக்கத்தை அவன் பாத்துக்கிடட்டும். அவன்ட்ட மட்டும் கண்ணு விசயத்தைச் சொல்லிருதேன். எனக்காக அவன் வாயைத் திறக்க மாட்டான்."

"அப்பா! அவரு கண்ணா இருந்துதானே அன்னைக்கும் விசில் அடிச்சாரு? நீங்க நம்பலியே!"

அவர் முகம் சுருங்கியது. அடித்தால்கூட அப்படிச் சுருங்கியிருக்காது. இப்படிப் பேசிவிட்டோமே என்று ஹெப்சிபா தவித்தாள், ஆனால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

"திங்கக்கிழமை நீங்க பஸ்ஸைத் தொடக்கூடாது. நீங்க சொல்லலைன்னா நான் சொல்லுவேன்."

"நீ சொல்லுவியாட்டி? உங்கப்பனைப் பத்தி, நீ?"

அவள் அவரையே பார்த்தாள். சொல்வாள் என்பது அவர் கண்ணுக்கு நேராகவே தெரிந்தது.

பெஞ்சில் இருந்த அவள் போன் அடித்தது. பாண்டிசெல்வி. நீ பேசலைன்னாலும் நான் பேசுவேன் என்று சொன்னவள் ஆயிற்றே.

"கேட்டியா ஹெப்சி?"

"கேட்டேன்க்கா."

"என்ன சொன்னாவ?"

ஹெப்சிபா அப்பாவைப் பார்த்தாள். அவர் கையை நீட்டினார். போனோடு அவள் அவருக்கு இடப்பக்கம் இருந்தாள். கை வெறும் காற்றில் ஒரு தடவை துழாவியது. அவள் அந்தக் கையைப் பிடித்துப் போனை அதில் வைத்தாள்.

ஏசுவடியான் போனைக் காதில் வைத்தார்.

"பாண்டிசெல்வி, நான்தாம்மா பேசுதேன். சந்தனம் பக்கத்துல இருக்கானா? அவன்ட்ட குடு."